பட்டன் பூட்டியிருக்கா? கணக்கு திறந்துதான் இருக்கு!

டோல்கேட் பக்கம் சைக்கிள் வைத்திருப்பவர்களிடம், "புதுச் செயின் எத்தனை நாள் பளபளன்னு இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார்கள். கிழக்கே கடல். வருஷம் முழுக்க உப்புக்காத்து. ஜன்னல் கம்பி, கேட்டுத் தாழ்ப்பாள், மொட்டை மாடி கொடிக்கம்பி என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை.

இதே உப்புக்காத்து நம் கண்ணில் படாத இன்னொரு சாமானையும் அரித்துத் தின்கிறது. ஆன்டெனாவுக்குப் போகிற கேபிள்! செல்போன் டவரில், காசிமேடு விசைப்படகின் உச்சியில் நிற்கிற வி.எச்.எஃப். ஆன்டெனாவில், திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை வரிசை கட்டி நிற்கிற தொழிற்சாலைகளின் வயர்லெஸ் செட்டுகளில்... ரேடியோ அலை கிளம்புகிற இடத்திலெல்லாம் ஒரு கோ-ஆக்ஸியல் கேபிளும் அதன் முனையில் ஒரு கனெக்டரும் இருக்கும். கனெக்டர் மேல் சுற்றிய டேப்பில் சின்னதாக ஒரு விரிசல் போதும். ஈரம் உள்ளே இறங்கும். செம்பு பச்சை பூத்துவிடும்.

"பூத்தா பூத்துட்டுப் போகுது பாஸ், அதனால என்ன?" என்கிறீர்களா? கடலில் 156.8 மெகாஹெர்ட்ஸ் என்பது சேனல் 16. ஆபத்து என்றால் கூப்பிடுகிற சேனல். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோன படகு அதில் கூப்பிடும்போது, பவர் எல்லாம் ஆன்டெனாவுக்குப் போகாமல் கெட்டுப்போன கனெக்டரில் முட்டித் திரும்பி வந்தால்? கரையில் யாருக்கும் கேட்காது. அவ்வளவுதான்.

சரி, இந்த வாரம் நம்ம மேட்டர் என்ன? அந்தக் கெட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிக்கிற மெஷின். அந்த மெஷினுக்குள்ளேயே இருந்தும், காசு கட்டினால்தான் திறக்கிற ஒரு பட்டன். அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருக்கிற, உங்கள் மூன்றாவது செமஸ்டர் கணக்கு!

'காய்ச்சல் இருக்கு' சரி... எங்கே வலி?

மெஷினின் பெயர் நெட்வொர்க் அனலைஸர். இ.சி.இ. மக்களுக்குத் தெரிந்திருக்கும். மைக்ரோவேவ் லேபில் தனி டேபிளில், தூசி படாமல் துணி போட்டு மூடி, ஹெச்.ஓ.டி. கண்பார்வையிலேயே இருக்குமே, அதுதான்.

அது செய்கிற வேலை எளிமையானது. ஒரு அதிர்வெண்ணில் சின்ன சிக்னல் ஒன்றைக் கேபிளுக்குள் அனுப்பும். எவ்வளவு திரும்பி வந்தது, எந்த ஃபேஸில் வந்தது என்று அளக்கும். அடுத்த அதிர்வெண்ணுக்குப் போகும். மறுபடி அளக்கும். இப்படி நூற்றுக்கணக்கான புள்ளிகள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வளைவு வரைந்து காட்டும்.

அந்த வளைவைப் பார்த்து வி.எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு என்று சொல்லலாம். 1.5 என்றால் அனுப்பிய பவரில் 4 சதவீதம் திரும்பி வருகிறது. பரவாயில்லை, ஓட்டலாம். 3 என்றால் 25 சதவீதம் திரும்பி வருகிறது. கால்வாசி போச்சு!

ஆனால், இதெல்லாம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது மாதிரி. காய்ச்சல் இருக்கிறது என்று தெரியும். எங்கே கோளாறு என்று தெரியாது. 20 மீட்டர் கேபிளில் எந்த இடத்து டேப்பைப் பிரிப்பது? முழுக்கப் பிரித்தால் ஒரு நாள் கூலி போச்சு. அதோடு, நன்றாக இருக்கிற கனெக்டர்களிலும் நாமே ஈரத்துக்குக் கதவு திறந்துவிட்டதாகிவிடும்.

இங்கேதான் 'டைம் டொமைன்' பட்டன் வருகிறது. அதை அமுக்கினால், கிடைமட்ட அச்சில் அதிர்வெண் மறைந்து தூரம் வரும். 12 மீட்டரில் ஒரு மேடு, 20 மீட்டரில் ஒரு மேடு என்று காட்டும். 20ல் இருப்பது ஆன்டெனா, கேபிள் முடிகிற இடம். அங்கே மேடு இருப்பது நியாயம். 12ல் என்ன வேலை? அங்கே போய் டேப்பைப் பிரி! ஃபீல்டில் வேலை பார்க்கிறவர்கள் இதையே 'டிஸ்டன்ஸ் டு ஃபால்ட்' என்பார்கள்.

"அண்ணே, இப்போ நிறைய டவர்ல ரேடியோ பெட்டியே மேலே ஏறிடுச்சு, கீழேருந்து ஃபைபர்தானே போகுது?" என்று ஒரு அறிவாளி கை தூக்குவது தெரிகிறது. கரெக்ட். ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகிற குட்டி ஜம்பர் கேபிள் இன்னும் இருக்கிறது. படகில், துறைமுகத்தில், பெரிய கட்டடங்களுக்குள் சிக்னல் தருகிற அமைப்புகளில் நீளக் கேபிள் இன்றும் ராஜாதான். மெட்ரோ ரயில் சுரங்கங்களில் ரேடியோவுக்காக ஓட்டை போட்ட 'லீக்கி கேபிள்' ஓடுவது உலகம் முழுக்க வழக்கம். ஆக, கேபிள் வைத்தியருக்கு வேலை போகவில்லை.

010... ஒரு நம்பரின் கதை

இப்போது லேபுக்கு வருவோம். ஆர்வமாகப் போய் மெனுவைத் திறக்கிறீர்கள். டைம் டொமைன் பட்டன் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கிறது. அமுக்கினால், 'ஆப்ஷன் இன்ஸ்டால் செய்யப்படவில்லை' என்று ஒரு வரி. லேப் அசிஸ்டென்ட் வந்து, "அதெல்லாம் தனியா வாங்கணும்பா. நம்ம மெஷின்ல கிடையாது" என்பார். ப்ராஜெக்ட் தலைப்பு அங்கேயே மாறிவிடும். எத்தனையோ பேரின் ஃபைனல் இயர் இப்படித் திசை மாறியிருக்கிறது.

இந்த ஆப்ஷன் சமாசாரம் புதுசில்லை. 1984ல் ஹியூலெட் பேக்கார்டு கம்பெனி எச்.பி. 8510 என்ற நெட்வொர்க் அனலைஸரைக் கொண்டுவந்தது. அளந்ததில் இருக்கும் பிழைகளை மெஷினே உடனுக்குடன் கழித்துக் காட்டியது அதன் பெருமை. அதில் டைம் டொமைன் வேண்டும் என்றால் தனியாக வாங்கவேண்டும். ஆப்ஷன் நம்பர் 010.

அந்தக் கம்பெனியின் கருவிப் பிரிவு 1999ல் அஜிலென்ட் ஆனது. 2014ல் அதுவும் பிரிந்து கீசைட் ஆனது. போர்டு இரண்டு முறை மாறியது. நம்பர் மட்டும் மாறவில்லை! கையில் தூக்கிக்கொண்டு போகிற ஃபீல்டுஃபாக்ஸ் அனலைஸரிலும் டைம் டொமைன் என்றால் ஆப்ஷன் 010. பெரிய மெஷின்களுக்கு இப்போது வருகிற சாஃப்ட்வேர் லைசென்ஸின் பெயரிலும் 93010 என்று வாலில் அதே 010 ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் ரோடே அண்ட் ஷ்வார்ஸ் கம்பெனியிடம் போனாலும் இதே கதைதான், நம்பர்தான் வேறு. இசட்.என்.பி. வரிசை அனலைஸரில் கே2 என்று கேட்கவேண்டும்.

புதுசாக எந்தப் பெட்டியும் மாட்டமாட்டார்கள். ஒரு லைசென்ஸ் கீ வரும். டைப் செய்தால் மங்கல் பட்டன் பளிச்சென்று ஆகிவிடும். அதாவது, வசதி முதல் நாளிலிருந்தே உள்ளேதான் இருந்தது. பூட்டு மட்டும்தான் கழன்றது.

"அநியாயமா இருக்கே! உள்ளே இருக்கிறதுக்கு எதுக்குத் தனிக் காசு?" என்று கோபம் வரலாம். கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அந்த சாஃப்ட்வேரை எழுத, சோதிக்க, 'இது காட்டுகிற அளவை நம்பலாம்' என்று உத்தரவாதம் தர ஆள், நேரம், செலவு எல்லாம் ஆகிறது. டைம் டொமைனே தேவைப்படாத வாடிக்கையாளர் தலையில் அந்தச் செலவைக் கட்டவேண்டாம் என்பது அவர்கள் வாதம். மெஸ்ஸில் சாப்பாடு வாங்கினால் ஆம்லெட்டுக்குத் தனி பில் போடுவது மாதிரி. வேண்டாதவன் ஏன் கொடுக்கணும்?

இன்னொன்று. "மச்சான், கீயை கிராக் பண்ணிடலாமா?" என்கிற யோசனை வேண்டவே வேண்டாம். அது திருட்டு. மாட்டினால் காலேஜ் பேரும் சேர்ந்து கெடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. தேவையே இல்லை!

பூட்டுக்குள்ளே என்ன இருக்கு?

மூன்றாவது செமஸ்டரில் 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' படித்தீர்களா? ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் என்று ஒன்றை மனப்பாடம் செய்து, எழுதி, மறந்தும் போயிருப்பீர்கள். நேரத்தில் இருக்கும் சிக்னலை அதிர்வெண்ணுக்கு மாற்றுவது ஃபூரியர். அதிர்வெண்ணிலிருந்து நேரத்துக்குத் திரும்ப வருவது தலைகீழ் ஃபூரியர். கம்ப்யூட்டரில் இதைச் சீக்கிரமாகப் போடுகிற வழியை, எஃப்.எஃப்.டி. என்ற பெயரில் எல்லோருக்கும் பரிச்சயமாக்கியது 1965ல் கூலி, டூக்கி இருவரும் எழுதிய கட்டுரை.

பூட்டிய பட்டனுக்குள் உட்கார்ந்திருப்பவர் இவரேதான்! அனலைஸர் ஏற்கெனவே அதிர்வெண் வாரியாக அளந்து வைத்திருக்கிறது. அந்த நம்பர்களைத் தலைகீழ் ஃபூரியரில் போட்டால் நேரம் வரும். எதிரொலி எத்தனை நானோ செகண்டில் திரும்பியது என்று தெரிந்துவிடும். நேரம் தெரிந்தால் தூரம் தெரியாதா?

சாதாரண ஆர்.ஜி.58 கேபிளில் சிக்னல், வெட்டவெளியில் ஒளி போகிற வேகத்தில் 0.66 மடங்குதான் போகும். இதற்கு வெலாசிட்டி ஃபேக்டர் என்று பெயர். போய்த் திரும்பி வருவதால் பாதியாக்கணும். கணக்குப் போட்டால், எதிரொலி திரும்ப ஆகும் ஒவ்வொரு நானோ செகண்டுக்கும் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் தூரம். 121 நானோ செகண்ட் ஆச்சா? 12 மீட்டரில் கோளாறு. முடிஞ்சுது மேட்டர்.

ஆகவே லேபில் நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான். முதலில் ஒழுங்காக கேலிப்ரேஷன் செய்யுங்கள். அளந்ததை டச்ஸ்டோன் ஃபைலாகப் பதிவு செய்யுங்கள். எஸ்1பி என்று முடியும் ஃபைல் அது. அளவும் ஃபேஸும் இரண்டும் அதில் இருக்கும். பென்டிரைவில் போட்டு ஹாஸ்டலுக்குக் கொண்டுபோங்கள். பைத்தான், ஆக்டேவ், ஸ்கைலேப் எல்லாமே இலவசம். எதிலும் தலைகீழ் எஃப்.எஃப்.டி. ஒரே வரிக் கட்டளை. பைத்தானில் சைகிட்-ஆர்.எஃப். என்று இதற்கென்றே ஒரு திறந்த மூல நூலகம் இருக்கிறது. ஃபைலைப் படிக்க, ஜன்னல் போட, நேரத்துக்கு மாற்ற எல்லாம் அதிலேயே உண்டு.

ஒரு வேண்டுகோள். தயவு செய்து ஸ்கிரீனை செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு வராதீர்கள்! பத்து பேரில் எட்டு பேர் இதைத்தான் செய்கிறார்கள். டெசிபல் வளைவின் போட்டோவில் ஃபேஸ் கிடையாது. ஃபேஸ் இல்லாவிட்டால் எந்தக் கொம்பனாலும் தூரம் கண்டுபிடிக்க முடியாது. ரெக்கார்டு நோட்டில் ஒட்டத்தான் ஆகும்.

7 மீட்டர் பேய்

'அப்போ பட்டனே வாங்கிட்டா கணக்கு தெரியவேண்டாமே?' என்று யாராவது கேட்டால், அவர்களுக்கு ஒரு பேய்க்கதை.

40 மீட்டர் கேபிள், மறுமுனையில் ஆன்டெனா. கனெக்டர் காலி, 40வது மீட்டரில். ஆர்.ஜி.58தான். நீங்கள் 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 300 மெகாஹெர்ட்ஸ் வரை 101 புள்ளிகளில் அளக்கிறீர்கள். புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 3 மெகாஹெர்ட்ஸ். டைம் டொமைன் போட்டுப் பார்த்தால், 7 மீட்டரில் கம்பீரமாக ஒரு மேடு! ஏணி வைத்து ஏறி 7வது மீட்டரில் பார்த்தால் கேபிள் நேற்று வாங்கியது போல் பளபளக்கிறது. வெட்டிப் பார்த்தால் இன்னும் பளபளப்பு. வெட்டினதுதான் மிச்சம்.

என்ன நடந்தது? புள்ளிகளுக்கு இடையே 3 மெகாஹெர்ட்ஸ் என்றால், இந்தக் கேபிளில் அதிகபட்சம் 33 மீட்டர் வரைதான் பார்க்கமுடியும். அதற்கு அப்பால் இருப்பது சுற்றிக்கொண்டு முதலிலிருந்து வரும். 40ல் 33 போனால் 7. சேம்ப்ளிங் பாடத்தில் ஏலியாஸிங் என்று படித்தோமே, அதே பேய்தான். அங்கே நேரத்தில் வந்தது, இங்கே தூரத்தில் வருகிறது.

பேயை விரட்டுவது சுலபம். 300க்குப் பதில் 200 மெகாஹெர்ட்ஸ் வரை அளங்கள். இடைவெளி 2 மெகாஹெர்ட்ஸ் ஆகும். பார்க்கும் தூரம் 49.5 மீட்டராக நீளும். மேடு 7லிருந்து 40க்குத் தாவி, தன் சொந்த இடத்தில் உட்காரும். இடைவெளியை மாற்றினால் நகர்வது பேய், நகராதது நிஜம். இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்குப் போன பிறகும் சோறு போடும்.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. எவ்வளவு அகலமாக அதிர்வெண் அளக்கிறோமோ அவ்வளவு நுணுக்கமாகத் தூரம் தெரியும். 300 மெகாஹெர்ட்ஸ் அளந்தால் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கோளாறுகளைப் பிரித்துப் பார்க்கலாம். 200 என்றால் அது 50 சென்டிமீட்டர் ஆகிவிடும். தூரமும் வேணும், நுணுக்கமும் வேணும் என்றால் புள்ளிகளைக் கூட்டவேண்டும். கூட்டினால் அளக்க நேரமாகும். ஓசியில் எதுவும் வராது.

இன்னொரு குட்டிப் பேயும் உண்டு. வெலாசிட்டி ஃபேக்டர். நீங்கள் 0.66 என்று போட்டிருக்கிறீர்கள். ஆனால் கேபிள் உள்ளே நுரை வைத்த வகை, 0.85 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் 12 மீட்டர் என்று சொல்லும் இடம் நிஜத்தில் சுமார் 15.5 மீட்டர். மூன்றரை மீட்டர் தள்ளி வெட்டுவீர்கள்! மெஷின் எத்தனை லட்சமாக இருந்தாலும், எந்தக் கேபிள் என்று அதற்குத் தானாகத் தெரியாது. சொல்லவேண்டியது நீங்கள்.

அறையே சேம்பர் ஆகணுமா?

தூரத்துக்கு மாற்றியதில் இன்னொரு லாபம் இருக்கிறது. பெயர் கேட்டிங்.

ஆன்டெனா ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு ஒரே தலைவலி, அறை. சுவர், பீரோ, ஃபேன், எட்டிப் பார்க்கிற நண்பன் என்று எல்லாமே அலையை எதிரொலிக்கும். எதிரொலியே வராத அனெகோயிக் சேம்பர் எல்லாக் காலேஜிலும் இருக்காது. தரமணியில் இருக்கிற மத்திய அரசின் சமீர் மையம் மாதிரி, இதற்கென்றே இயங்குகிற இடங்களுக்குத்தான் போகணும்.

ஆனால், கொஞ்சம் யோசியுங்கள். இரண்டு ஆன்டெனாக்கள் 1 மீட்டர் தள்ளி இருக்கின்றன. நேராக வருகிற அலை 3.3 நானோ செகண்டில் வந்துவிடும். சுவரில் பட்டு 5 மீட்டர் சுற்றி வருகிற அலைக்கு 16.7 நானோ செகண்ட் ஆகும். நேரத்தில் இரண்டும் தனித்தனி மேடு. சுவர் மேட்டை அழித்துவிட்டு, மிச்சத்தை மறுபடி அதிர்வெண்ணுக்கு மாற்றினால்? சுவரே இல்லாத அறையில் அளந்த மாதிரி வரும்! அதற்கு அளக்கும் அதிர்வெண் அகலமாக இருக்கணும், நேர் மேடும் சுவர் மேடும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கணும். சேம்பருக்கு முழு மாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் ப்ராஜெக்ட் ரெவ்யூவுக்கு முன்னால் உங்கள் ஆன்டெனா வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்கத் தாராளமாகப் போதும்.

எந்தப் பூட்டை நாமே திறக்கலாம்?

டைம் டொமைன் ஒன்றுதான் ஆப்ஷனா? பட்டியல் பெரிசு. நாய்ஸ் ஃபிகர், கெயின் கம்ப்ரெஷன், மிக்ஸர் அளவீடு, ஸ்பெக்ட்ரம் அனலைஸர், கேபிளோடு ஒட்டியிருக்கும் ஃபிக்ஸ்சரைக் கழித்துவிடும் வசதி என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் பைத்தானில் போட்டுவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். 'எனக்கு வேண்டிய விடை, ஏற்கெனவே பதிவான ஃபைலுக்குள் இருக்கிறதா?'

இருக்கிறது என்றால் நாமே எடுக்கலாம். டைம் டொமைன், கேட்டிங், ஃபிக்ஸ்சரைக் கழிப்பது இவையெல்லாம் இந்த ரகம். மெஷின் புதிதாக எதையும் அளப்பதில்லை. அளந்ததை வேறு கோணத்தில் காட்டுகிறது. கணக்கு தெரிந்தவனுக்கு இந்தப் பூட்டு ஒரு பூட்டே இல்லை.

இல்லை என்றால் ஃபைலோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. மிக்ஸரை அளக்க, ஒரு அதிர்வெண்ணில் அனுப்பி வேறு அதிர்வெண்ணில் கேட்கவேண்டும். நாய்ஸ் ஃபிகருக்கு மிக மெல்லிய இரைச்சலையும் அளக்கிற ரிசீவர் வேண்டும். மெஷின் அளக்கும் விதமே மாறவேண்டும் என்பதால், பழைய ஃபைலில் அந்தத் தகவலே இருக்காது. இல்லாததை எந்த சாஃப்ட்வேரும் கொண்டுவந்து தராது. இதற்குக் காசு கொடுத்துத்தான் ஆகணும்.

நடுவில் ஒரு ரகம் உண்டு, சோம்பேறி ரகம். ஆம்ப்ளிஃபயரின் கெயின் கம்ப்ரெஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பவரை ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் கெயின் எவ்வளவு என்று எழுதி, எங்கே 1 டெசிபல் குறைகிறது என்று பார்க்கவேண்டும். ஆப்ஷன் இருந்தால் மெஷினே சரசரவென்று முடித்துவிடும். இல்லாவிட்டால் நீங்களும் நண்பனும் ஒரு மதியம் உட்காரவேண்டும். ஒரு முறையாவது கையால் செய்து பார்ப்பது நல்லது.

காலேஜில் புது மெஷின் வாங்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால், இந்தக் கேள்வியை உங்கள் பேராசிரியரிடமும் எடுத்துப் போங்கள். ஃபைலிலிருந்தே எடுக்கக்கூடியதற்குச் செலவழிப்பதைவிட, நம்மால் செய்யவே முடியாத ஆப்ஷனுக்கு அந்தப் பணத்தைத் திருப்பலாமே! டெண்டர் போன பிறகு சொல்லிப் பிரயோஜனமில்லை. முன்னாடியே சொல்லணும்.

பாக்கெட்டுக்குள் ஒரு லேப்

லேபே கிடையாது, அல்லது இருந்தும் தொட விடமாட்டார்கள் என்பவர்களுக்குத்தான் நானோ வி.என்.ஏ. இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த ஒரு ஹாபி ஆர்வலர் வடிவமைத்து, சர்க்யூட்டையும் புரோகிராமையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார். 2019 வாக்கில் சீனத் தயாரிப்பாக உலகம் முழுக்கப் பரவியது. உள்ளங்கைக்குள் அடங்கும். சில ஆயிரம் ரூபாய். நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டால், ஒரு ட்ரீட் செலவு.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பெரிய மெஷின்களில் 40 வருஷமாகக் காசு கட்டித் திறக்கிற அந்த டைம் டொமைன், இந்தக் குட்டியில் சும்மாவே இருக்கிறது. மெனுவில் 'டிரான்ஸ்ஃபார்ம்' என்று தேடுங்கள். வெலாசிட்டி ஃபேக்டர் போட இடம்கூட உண்டு. ஆரம்ப கால மாடல்களில் 101 புள்ளிகள்தான். ஆக, மேலே சொன்ன 7 மீட்டர் பேயை நேரிலேயே சந்திக்கலாம்!

பெரிய மெஷினின் துல்லியத்தை இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஹார்மோனிக்ஸை வைத்துச் சமாளிக்கிறது, அங்கே இரைச்சல் கூடும். டிரான்ஸ்மிட்டர் ஓடிக்கொண்டிருக்கிற கேபிளில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். அந்த நொடியே குட்டி காலி. அடுத்தவர் டவரில் ஏறி 'அளந்து பாக்குறேன்' என்று நிற்பதும் வேண்டாம். வீட்டு மொட்டை மாடி டி.வி. கேபிளின் மிச்சத் துண்டு போதும். நடுவில் ஒரு ஜாயின்ட் போட்டு, டேப் வைத்து எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதிவிட்டு, பிறகு மெஷின் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒன்று கவனம். டி.வி. கேபிள் 75 ஓம், நானோ 50 ஓம். ஆரம்பத்திலேயே ஒரு மேடு தெரியும். பயப்படாதீர்கள், அதுவும் பாடம்தான்.

கேம்பஸ் இன்டர்வியூவில், "நெட்வொர்க் அனலைஸர் தெரியுமா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "7 மீட்டரில் மேடு தெரியுது, அங்கே ஒண்ணுமே இல்லை, ஏன்?" என்று கேட்டால் யார் வாய் திறக்கிறார்களோ, அவருக்குத்தான் வேலை. அந்தப் பதில் எந்த லைசென்ஸ் கீயிலும் வராது. உப்புக்காத்து அரிக்கிற ஊரில் அதற்கு வேலை நிச்சயம் இருக்கிறது.

இந்த வார வீட்டுப்பாடம்: ஆர்.ஜி.58 கேபிள். 201 புள்ளிகள், மொத்தம் 400 மெகாஹெர்ட்ஸ் அகலம். 51வது மீட்டரில் கோளாறு. ஸ்கிரீனில் எத்தனையாவது மீட்டரில் மேடு தெரியும்? கால்குலேட்டரை எடுக்காமல் முயற்சி செய்யுங்கள். விடை அடுத்த வாரம். அதுவரை, டேப்பை இறுக்கமா சுத்துங்க மக்களே!